பாதி ஏணி

உலகம் உண்டான நாளிலிருந்து இன்றுவரை பிறந்தவர்களிலேயே மிக உயரமானவள் அத்தைதான். மேகங்கள் இந்தப் பக்கமாகக் கடக்க வேண்டுமென்றால் முதலில் அத்தையிடம் வந்து, "போகலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகும். ஒருமுறை நிலா அவளுடைய கொக்கியில் மாட்டிக்கொண்டு முழித்தது. அத்தைதான் அலுங்காமல் குலுங்காமல் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, "பார்த்துப் போ" என்று அனுப்பிவைத்தாள். அவளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று கழுகுகள் புகார் கொடுத்திருக்கின்றன.

சரி, கொஞ்சம் இறக்கிக்கொள்வோம். அத்தையின் உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல்கடை குறைவு. வயது நாற்பத்து நான்கு முடிந்து பத்து மாதம். ஒன்பது மாடி எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு சைட்டில், க்ரேனுக்குக் கீழே நின்று கை காட்டுவது வேலை. சைட் மாறினாலும் பதினொரு வருடமாக அதே வேலை. அண்ணன் மகள் ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்று "அத்தே!" என்று கத்தப்போக, அன்றிலிருந்து மேஸ்திரி முதல் இன்ஜினியர் வரை எல்லாருக்கும் அவள் அத்தை ஆகிவிட்டாள்.

கை காட்டுவது என்றால் டாட்டா காட்டுவது இல்லை. மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குக் கம்பிக்கட்டு எங்கே இறங்குகிறது, யார் தலைக்குமேல் போகிறது என்று பாதி நேரம் தெரியாது. கீழே இருப்பவர்தான் அவருக்குக் கண். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வட்டம் போட்டால் தூக்கு. கீழே நீட்டி வட்டம் போட்டால் இறக்கு. வட்டம் போடும் கைக்குமேல் இன்னொரு உள்ளங்கையைக் கூரை மாதிரி பிடித்தால் மெதுவாக. கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இப்படியும் அப்படியும் வீசினால் நிறுத்து. தூக்கச் சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. நிறுத்தச் சொல்ல மட்டும் எல்லாருக்கும் உரிமை உண்டு. யார் காட்டினாலும் க்ரேன் நிற்க வேண்டும்.

பதினொரு வருடத்தில் இந்தச் சைகை அத்தையின் கையோடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் யாராவது தம்ளரில் டீ ஊற்றினால் அத்தையின் விரல் தானாகக் கீழே வட்டம் போடும், மேலே உள்ளங்கை கூரை பிடிக்கும். லாரி ஓட்டுகிற அவளுடைய அண்ணன் சாப்பாட்டை அள்ளி வாயருகே கொண்டுபோகும்போது ஒருமுறை 'நிறுத்து' காட்டிவிட்டாள். அவர் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றார். சோற்றில் முடி இருந்தது. அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

இப்படிப்பட்ட அத்தைக்கு ஓர் ஆசை இருந்தது. கீழே நின்றது போதும், மேலே போய் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். லிவரைத் தன் கையால் பிடிக்க வேண்டும்.

ஆசை இருந்தது என்று யாருக்கும் சொல்லமாட்டாள். ஏனென்றால் ஆறு வருடம் முன்பு ஒருமுறை சொல்லிவிட்டு, பட்டாள்.

க்ரேன் ஓட்டுகிற உரிமத்துக்குப் பயிற்சி நிலையத்தில் தேர்வு வைப்பார்கள். எழுத்துத் தேர்வில் அத்தை பாஸ். அடுத்தது க்ரேன். நாற்பத்திரண்டு மீட்டர் ஏணி. நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள ஏழு தட்டு. அத்தை விறுவிறு என்று நான்காவது தட்டு வரை ஏறினாள். அங்கே நின்று கீழே பார்த்தாள். கொக்கிக்கு நேர் கீழே, அவள் தினமும் நிற்கிற மாதிரியான இடத்தில், ஓர் ஆள் தீக்குச்சி அளவுக்கு நின்றுகொண்டிருந்தான். இங்கே ஒரு விரல் பிசகினால் அங்கே ஓர் ஆள் இல்லை. உயரத்தைப் பார்த்து அவளுக்குப் பயமில்லை. அந்தத் தீக்குச்சியைப் பார்த்துத்தான் பயம். 'தப்பு பண்ணிட்டா?' என்ற ஒற்றைக் கேள்வி மிச்சமிருந்த மூன்று தட்டையும் விழுங்கிவிட்டது. இறங்கி வந்து, "ஷூ கடிக்குது சார்" என்றாள்.

மறுநாளே சைட் முழுக்கப் பேர் பரவிவிட்டது. பாதி ஏணி. "பாதி ஏணி வந்தாச்சா?" "பாதி ஏணிக்கு அரை டீ போதுமே!" அத்தையும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு அந்த ஆசையைப் பழைய ஷூவோடு சேர்த்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

இப்போது எதற்கு அது வெளியே வந்தது என்றால், மேல்வீட்டுக்காரரால்.

மேல்வீட்டுக்காரர் என்பது க்ரேன் ஓட்டுகிறவருக்குச் சைட் வைத்த பேர். காலையில் ஃபிளாஸ்க்கோடு ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். அவரும் அத்தையும் பதினொரு வருடத்தில் வாயால் பேசியதைவிடக் கையால் பேசியதே அதிகம். அவர் ஒருநாள் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்.

"அத்தை, இந்த மாசத்தோட நான் கெளம்பறேன். பொண்ணு வீட்டுப் பக்கம் போயிடப் போறேன்."

"நல்லதுங்க."

"என்ன நல்லது? நான் போனா இந்த நாற்காலில எவனையாவது கொண்டாந்து ஒக்கார வெப்பாங்க. அவன் கைய நம்பி நீ கீழ நிப்பியா?"

அத்தை யோசித்தாள். "நிக்க மாட்டேன்."

"அப்ப மேல வா. இன்ஜினியர் கிட்ட பேசிட்டேன். லைசென்ஸ் இருந்தா நாற்காலி உனக்குத்தானாம்."

"எனக்கு ஷூ கடிக்கும்ங்க."

"ஆறு வருஷமா கடிக்கிற ஷூவ மாத்தித் தொலையேன்!"

தேர்வு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நாற்பத்தைந்து முடிந்துவிட்டால் எழுத முடியாது. அத்தைக்கு முடிய இரண்டே மாதம். ஆக, இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், காலத்துக்கும் அந்த நாற்காலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அத்தை விண்ணப்பத்தை வாங்கினாள், நிரப்பினாள், கிழித்தாள். இன்னொன்று வாங்கினாள், நிரப்பினாள், கிழித்தாள். மூன்றாவதில் கையெழுத்தும் போட்டுப் போட்டோவும் ஒட்டினாள். வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அதையும் இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றாள்.

அந்த வீட்டில்தான் அழகும் அறிவும் ஒருங்கே வாய்ந்த அண்ணன் மகளும் வசித்துவந்தாள். படிப்புக்குச் சற்று இடைவேளை கொடுத்துவிட்டு முனைக்கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் வேலை பார்த்துவந்தாள். அந்தக் கடை மிஷினுக்கு ஒரு நோய் உண்டு. எந்தத் தாளைப் போட்டாலும், எதை அச்சடித்தாலும், வலது ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி மேலிருந்து கீழே மெல்லிய சாம்பல் கோடு ஒன்று விழும். ஆள் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னால் முதலாளி, "ஒரு கோடுதானே? நம்ம கடை அடையாளம்னு வெச்சுக்க" என்பார். சைட்டின் வேலைப் பட்டியல்கூட அந்தக் கடையில்தான் நகல் எடுப்பார்கள். சுவரெல்லாம் சாம்பல் கோடு.

குப்பைக்கூடையிலிருந்து இரண்டு துண்டும் மாயமாக மறைந்தன. மறுநாள் அவை டேப் ஒட்டி, நகல் எடுத்து, கிழிசல் தெரியாத முழு விண்ணப்பமாகப் பயிற்சி நிலையத்தின் ஜன்னலுக்குள் போயின. யார் செய்த வேலை என்பது இன்றுவரை கண்டுபிடிக்கப்படாத மர்மம்.

பத்து நாள் கழித்து அத்தை பேருக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு தாள். ஒன்று தேர்வுச் சீட்டு. இன்னொன்று ஒரு கடிதம். அண்ணன் அதைக் குரலெடுத்து வாசித்தார்.

"'விண்ணப்பித்துவிட்டு வராமல் போகிறவர்களின் புகைப்படம், ஏணியைப் பார்த்து ஓடியவர் என்ற தலைப்புடன், எல்லாக் கட்டுமானத் தளங்களிலும் ஆளுயரத்துக்கு ஒட்டப்படும். இப்படிக்கு, முதன்மை உயர அலுவலர்.' அடக் கடவுளே! உன் போட்டோவ ஆளுயரத்துக்கா?"

"நான் அப்ளிகேஷனே போடலயே!"

"போடாமயா சீட்டு வரும்? இங்க பாரு, உன் கையெழுத்து, நம்பர் எல்லாம் போட்டிருக்கு. அந்த ஹெல்மெட் போட்டோதானே குடுத்த? அத ஆளுயரத்துக்கு ஒட்டினா ரோட்ல சின்னப் புள்ளைங்க நடக்காது."

அழகும் அறிவும் வாய்ந்த அண்ணன் மகள் ஜன்னல் வழியாக வானத்தின் அழகை ரசித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், பயந்துவிட்டாள். நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போய்த்தான் ஆகணும் போலிருக்கு" என்றாள்.

தேர்வு நாள் வந்தது! மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேரும் வாலிபப் பையன்கள். அதில் ஒருவன் அத்தையைப் பார்த்து, "அம்மா, கேன்டீன் அந்தப் பக்கம்" என்றான்.

"தெரியும் தம்பி. நீங்க எறங்கி வந்ததும் குடிக்க டீ சொல்லி வெச்சிருக்கேன்."

தேர்வு என்னவென்றால், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய ஒரு திறந்த டிரம். அதைத் தூக்கி, வரிசையாக நட்டிருக்கிற கம்பங்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைத்துக் கொண்டுபோய், ஒரு சுவரைத் தாண்டி, தரையில் வரைந்திருக்கிற வெள்ளை வட்டத்துக்குள் இறக்க வேண்டும். தண்ணீர் நாலு விரல்வரை குறையலாம். அதற்குமேல் சிந்தினால் வீட்டுக்குப் போகலாம். தேர்வாளருக்குச் சோடா பாட்டில் அடி மாதிரி கண்ணாடி. முகத்தில் சிரிப்பு என்ற சமாச்சாரமே இல்லை.

கடைசியாக அத்தை முறை வந்தது. வேலிக்கு வெளியே அண்ணன், லாரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை ஏறினாள். முதல் தட்டு. இரண்டு. மூன்று. சட்டையெல்லாம் காற்றில் படபடத்தது. நான்காவது தட்டு வந்ததும் கால் நின்றது.

அதே தட்டு. அதே தீக்குச்சி ஆள் கீழே.

"கடிக்குதா?" என்று அண்ணன் கீழிருந்து கத்தினார். "ஷூ கடிக்குதா?"

"ஆமா!" என்றாள் அத்தை. குனிந்து ஷூ இரண்டையும் கழற்றி அந்தத் தட்டிலேயே வைத்தாள். சாக்ஸோடு ஏற ஆரம்பித்தாள். ஐந்து! ஆறு! ஏழு! "வரும்போது எடுத்துக்கறேன்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அண்ணன் போட்ட விசிலில் லாரி ஸ்டாண்டில் நின்ற ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கேபினுக்குள் ஒரு நாற்காலி, தலைக்குமேல் ஒரு ஃபேன், இரண்டு பக்கமும் இரண்டு லிவர். வலது லிவர் தூக்க, இறக்க. இடது லிவர் க்ரேனின் நீளக் கையைச் சுழற்ற, கொக்கியை முன்னே பின்னே ஓட்ட. கையை எடுத்தால் எல்லாம் தானே நின்றுவிடும். அத்தை உட்கார்ந்தாள். கீழே சிக்னல்காரர் விரலை மேலே நீட்டி வட்டம் போட்டார்.

டிரம் எழுந்தது! தண்ணீரில் வானம் ஆடியது. முதல் கம்பம் தாண்டியது, இரண்டாவது தாண்டியது. அத்தைக்கு நெஞ்சுக்குள் யாரோ குதிரை ஓட்டினார்கள். இவ்வளவுதானா! இவ்வளவு நாளாக இதற்கா பயந்தோம்! மூன்றாவது கம்பத்தில் சிக்னல்காரர் விரலைக் கீழே நீட்டி, மேலே உள்ளங்கையைக் கூரை பிடித்தார். மெதுவாக இறக்கு.

அத்தை உடனே விரலைக் கீழே நீட்டி, மேலே உள்ளங்கையைக் கூரை பிடித்தாள்.

டிரம் அசையவில்லை. சிக்னல்காரர் மறுபடியும் காட்டினார். அத்தையும் மறுபடியும், இன்னும் அழுத்தமாகக் காட்டினாள். இரண்டு பேரும் மேலும் கீழுமாக ஒருவருக்கொருவர் கை காட்டிக்கொண்டே இருந்தார்கள். வாக்கி டாக்கி கரகரத்தது.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"சிக்னல் காட்டறேன் சார்."

"யாருக்கு?"

அத்தை குனிந்து தன் கையைப் பார்த்தாள். லிவர் இரண்டும் அநாதையாக நின்றன.

"எனக்குத்தான் சார்."

கீழே எட்டுப் பையன்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தைக்குக் காது மடல் சுட்டது. முடிந்தது. இதுக்குத்தான் வேண்டாம் என்றது. நாளைக்குச் சைட்டில் என்ன பேர் வைப்பார்கள்? இப்படியே இறங்கிப் போய்விட்டால்? ஆனால் இறங்க முடியாது. டிரம் காற்றில் தொங்குகிறது. தொங்குகிற பாரத்தை விட்டுவிட்டு எந்தச் சைட்டிலும் யாரும் நகரமாட்டார்கள். கீழே நின்று பதினொரு வருடம் காத்த சட்டம் அது. சரி, இதை வைத்துவிட்டு இறங்குவோம் என்று லிவரைப் பிடித்தாள். வைப்பதற்கு ஒரே இடம்தான் இருந்தது. அந்த வெள்ளை வட்டம்.

பாஸ், ஃபெயில் எல்லாம் மறந்துபோனது. டிரம் மட்டும் இருந்தது. நான்காவது கம்பம், ஐந்தாவது. சுவரைத் தாண்டப் போகும் நேரம். சிக்னல்காரர் "வா, வா" என்று காட்டுகிறார். அத்தை சட்டென்று லிவரை விட்டாள். டிரம் நின்று லேசாக ஆடியது.

"ஏம்மா மறுபடியும்?" வாக்கி டாக்கியில் தேர்வாளர்.

"நிறுத்தச் சொன்னாங்க சார்."

"யாரு? அவர் வரத்தானே சொல்றார்."

"அவர் இல்ல சார். வேலி ஓரத்துல செடிக்குத் தண்ணி ஊத்தறவரு. கைய வீசினாரு."

"அவர் தோட்டக்காரர்மா."

"இருக்கட்டும் சார். நிறுத்தச் சொல்ல எல்லாருக்கும் உரிமை இருக்கு."

எட்டுப் பையன்களும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் தெரியாதவர்போல் செடியைப் பார்த்தார்.

"போகலாம். தொடருங்க" என்றார் தேர்வாளர்.

டிரம் சுவரைத் தாண்டியது. விரல் விரலாக இறங்கியது. வெள்ளை வட்டத்துக்கு நடுவே பூ வைத்தமாதிரி உட்கார்ந்தது. தண்ணீர் குறைந்தது இரண்டே விரல்!

அத்தை நான்காவது தட்டில் ஷூவை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். தேர்வாளர் ஒரு படிவத்தோடு நின்றிருந்தார்.

"ஒம்பது பேர்ல தோட்டக்காரரப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். நாங்கதான் அவரக் கைய வீசச் சொல்லியிருந்தோம்."

"கீழ நின்னு பழகினது சார். எல்லாப் பக்கமும் பாத்துடும்."

"உங்களுக்கே சிக்னல் காட்டினதுக்கு மூணு மார்க் கழிச்சிருக்கேன்."

"சரிங்க சார்."

"இருபது வருஷத்துல இப்படி ஒரு தப்ப நான் பாத்ததே இல்ல. படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லம்மா. கையாலதான் எழுதினேன்." அப்போதுதான் அந்தக் கண்ணாடிக்குக் கீழே சிரிப்பு வந்தது. "பாஸ்."

அண்ணன் வேலியைத் தாண்டிக் குதிக்கப் பார்த்துப் பேன்ட்டைக் கிழித்துக்கொண்டார். எட்டுப் பையன்களுக்கும் சொன்ன சொல் தவறாமல் அத்தை டீ வாங்கிக் கொடுத்தாள்.

மாதக் கடைசி நாளன்று அத்தை சைட் ஏணியில் ஏறினாள். மேல்வீட்டுக்காரர் கீழே, அவள் பதினொரு வருடம் நின்ற அதே இடத்தில் வந்து நின்று, முதன்முறையாக விரலை நீட்டி வட்டம் போட்டார்.

"விரல நல்லா நீட்டுங்க!" என்று வாக்கி டாக்கி அதட்டியது. "தூக்கவா எறக்கவான்னே தெரியல. யாருங்க உங்களுக்கு வேலை குடுத்தது?"

சைட்டே கைதட்டியது. மேல்வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

இதுவரை எழுதி, முனைக்கடையில் அச்சடித்து, சைட் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குள் அந்தத் தாள் அத்தையின் கையில் மாட்டிக்கொண்டது. அத்தை கட்டிலில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, ஒரு வரி விடாமல் படித்தாள்.

"கேபின்ல ஃபேன் கெடயாது. எழுதின ஆளு மேல வந்ததே இல்ல."

அண்ணன் மகள் மறுபடியும் வானத்தின் அழகை ரசிக்கப் போனாள்.

"அழகும் அறிவும் வாய்ந்தது யாருடி? நம்ம வீட்ல அப்படி யாரும் இல்லயே."

"யாரோ எழுதியிருக்காங்க அத்தை. எனக்கென்ன தெரியும்?"

அத்தை சாப்பாட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த பழைய கடிதத்தை எடுத்து விரித்து, புதுத் தாளின் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வலது ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, மேலிருந்து கீழே, சாம்பல் கோடு. இரண்டிலும் ஒரே இடத்தில்.

"அன்னிக்கே தெரியுமா?"

"பாத்த ஒடனே தெரியும். சிரிப்ப அடக்கத்தான் மூஞ்சி அப்படிப் போச்சு. நான் பயந்துட்டேன்னு எழுதியிருக்க."

"பின்ன ஏன் போனீங்க?"

"போகாம இருக்க ஆறு வருஷமா எங்கிட்ட ஆயிரம் சாக்கு இருந்துச்சு. போறதுக்கு ஒண்ணுகூட இல்ல. நீ கஷ்டப்பட்டு ஒண்ணு செஞ்சு குடுத்த, அத வீணாக்கலாமா?" என்றாள் அத்தை. பிறகு பைக்குள் மறுபடி கைவிட்டாள். "'படிப்புக்குச் சற்று இடைவேளை'. இந்த வரி ரொம்ப அழகா இருக்கு."

வெளியே வந்தது இன்னொரு தாள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு விண்ணப்பம், மூன்றாவது முறை. இரண்டாகக் கிழித்து, டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஒட்டியது கோணல்மாணல், ஆனால் கெட்டி.

"உன் தலையணைக்குக் கீழ கெடந்துச்சு. நகல் எடுத்து ஜன்னல்ல குடுத்தாச்சு. போகலன்னா போட்டோவ எல்லாம் ஒட்ட மாட்டேன். கொக்கியில மாட்டி நாற்பத்திரண்டு மீட்டருக்குத் தூக்கி வெச்சுடுவேன்."

"அத்தை, ஷூ…"

அத்தை ஆள்காட்டி விரலை மேலே நீட்டினாள். வட்டம் போட்டாள். அதன்மேல் இன்னொரு உள்ளங்கையை, மெதுவாக, கூரை மாதிரி பிடித்தாள்.